பயறுக் கஞ்சியில் நமக்கும் ஒரு பங்கு

வீட்டில் எல்லாருக்கும் விளம்பிவிட்டு, பானையில் மிஞ்சியதைத்தான் நாம் குடிக்கிறோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. நர்சம்மா தரும் மாத்திரையோடு சாப்பாடும் வேணும்.

ஒரு டம்ளர் சிறுபயறை லேசாக வறுத்து, ஒரு டம்ளர் புழுங்கலரிசி, ஆறு பல் வெள்ளப்பூடு, பத்து டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குழைய வேகவிடுங்க. அரைமுறி தேங்காய், சீரகம், நல்லமிளகு அரைச்சு ஊத்தி, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டு, வெந்ததும் உப்பிட்டு இறக்குங்க. தொட்டுக்க நெல்லிக்காய்த் துவையல். பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாயாவை ஒரு மணிநேரம் கழிச்சுக் குடிங்க.

விளம்பும் முன்னே நமக்கொரு கிண்ணம் எடுத்து வைப்போம். யாரெல்லாம் வச்சீங்கன்னு அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்போம்.