மாத்து ஆள்: ஒரு டூம் பாட்டும் நாலு பேரும்

இன்னைக்கு ஒரே ஒரு பாட்டு. ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டுட்டு வந்தவங்களுக்கு நன்றி. கேக்காதவங்களும் இருங்க, பாட்டை விட அதைப் பத்தின சண்டைதான் இன்னைக்கு விஷயம்.

பாட்டு பேரு ‘காட் இஸ் டெட்?’. குழு பிளாக் சபாத். 2013 ஏப்ரலில் வெளியானது. ஜூன் மாதம் வந்த ‘13’ ஆல்பத்தின் முதல் பாட்டாக இதைத்தான் வெளியே விட்டார்கள். ஆஸி ஆஸ்பார்ன் பாடி அந்தக் குழுவின் முழு ஸ்டுடியோ ஆல்பம் ஒன்று அதற்கு முன்னால் வந்தது 1978-ல். 35 வருஷ இடைவெளி. அப்போ ரசிகர்கள் எப்படிக் காத்திருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

டூம் மெட்டல் புதுசா கேக்கிறவங்களுக்காக ரெண்டு வரி. மெட்டல்னாலே வேகம்னு நினைக்கிறோம். டூம் அதுக்கு நேர் எதிர். தாளம் மெதுவாக நடக்கும், கிட்டாரின் சுருதியைத் தாழ்த்தி வைப்பார்கள், பாட்டு நீளமாக இருக்கும். ஒரு ரீல் முடியற நேரத்தில் இவங்க முதல் ஸ்வரத்தை அடிச்சுட்டு அது அடங்கட்டும்னு நிப்பாங்க. 1980-களில்தான் இதுக்கு இந்தப் பேரு நிலைச்சது. ஆனா வேர் 1970-ல், பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் இருக்கு. இன்னைக்கு பெங்களூருவில் பேவார் ஸீ மாதிரி குழுக்கள் வாசிக்கிறதும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

சரி, 2013-க்கு வருவோம். பாட்டு வந்ததும் ரசிகர்கள் மூணு கட்சியாகப் பிரிந்தார்கள். முதல் கட்சி: ‘அப்பாடா, பழைய சபாத் திரும்பி வந்துடுச்சு.’ ரெண்டாவது கட்சி: ‘பழசையே காப்பி அடிச்சிருக்காங்க.’ இதில் ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுதான், ஒருத்தர் சந்தோஷமா சொல்றார், இன்னொருத்தர் கோபமா சொல்றார். தயாரிப்பாளர் ரிக் ரூபினே அவங்களை உட்கார வெச்சு முதல் ஆல்பத்தைக் கேக்க வெச்சார். அதனால அந்த வாசனை இருக்கத்தான் செய்யும்.

தலைப்பைப் பார்த்தே சண்டைக்கு வந்தவங்களும் உண்டு. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கு. முழுசா கேட்டா, பாட்டில் பேசுகிற ஆள் கடைசியில் ‘நான் அதை நம்பலை’ என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறான். அது தெரிய கடைசி வரைக்கும் கேக்கணும். டூம் பாட்டைத் தலைப்பை வெச்சு எடை போட்டா இதான் கதி.

மூணாவது கட்சிதான் எனக்கு முக்கியம். அவங்க சொன்னது: ‘பில் வார்டு இல்லாம இது பிளாக் சபாத்தே இல்லை.’

பில் வார்டு குழுவின் முதல் டிரம்மர். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் நாலு பேராக ஆரம்பித்தவர்களில் ஒருவர். 2011 நவம்பரில் நாலு பேரும் மறுபடி சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். 2012 பிப்ரவரியில் வார்டு ஒரு அறிக்கை விட்டார். கையெழுத்துப் போடக்கூடிய மாதிரி ஒப்பந்தம் கொடுத்தால்தான் வருவேன் என்பது அதன் சாரம். அது நடக்கவில்லை. அவரால் அவ்வளவு நேரம் வாசிக்க உடம்பு ஒத்துழைக்காது என்று ஆஸி பிறகு பேட்டிகளில் சொன்னார். வார்டு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க்.

இந்த மூணாவது கட்சி சொல்றது உண்மையா? ஆள் மாறினா பாட்டு மாறுமா? இல்ல, தெரிஞ்ச ஆளைக் காணோம்னு ரசிகன் புலம்புறதா?

இதை எங்க ஊர்ல போட்டுப் பார்த்தேன். எங்க ஊரு கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டம். மொரப்பூர்ல ரயில் இறங்கி பஸ் பிடிக்கணும். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்தோம். ஒருத்தர் பம்பையும் தப்பட்டையும் வாசிக்கிற அண்ணன், திருவிழாவுக்கும் போவார், சாவுக்கும் போவார். ஒருத்தன் என்கூடப் படிச்சவன், ஓசூர்ல பிரஸ் ஷாப்பில் வேலை. இன்னொருத்தர் பெங்களூருவில் ஒரு சின்னக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற நண்பர். நாலாவது நான். பேரெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

நல்ல ஸ்பீக்கர்ல முழுப் பாட்டும் ஓடிச்சு. யாரும் பேசலை. முடிஞ்சதும் நான், ‘அண்ணா, சாவு மேளம் மாதிரி இருக்குல்ல?’ன்னு கேட்டேன். டூம் மெட்டலைப் பத்தி நம்ம ஆளுங்க வழக்கமா சொல்ற உவமை அது.

அண்ணன் சிரிச்சுட்டார். ‘தம்பி, நீ சாவுக்கு வந்தா மேளத்தைக் கேக்கறதில்ல போல. சாவு அடி எங்க மெதுவா இருக்கு? ஆடாதவனையும் ஆட வைக்கிற வேகம் அது. துக்கம்னா மெதுவாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னது?’

அந்த இடத்திலேயே என் உவமை காலி. இன்னொண்ணும் சொன்னார். ‘சாவு மேளம்னு நீங்க ஆசையா சொல்றீங்க. அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்க தாத்தாவைத் திண்ணையில் ஏத்தாம வெச்சிருந்தாங்க.’ இதுக்கு மேல நான் விளக்கம் சொல்லப் போறதில்லை.

அப்புறம் நான் கேள்வியைக் கேட்டேன். இதில் டிரம்ஸ் வாசிச்சவர் குழுவோட பழைய ஆள் இல்லை, அவருக்குப் பதிலா வந்தவர். தெரியுதா?

‘நல்லா வாசிக்கிறாரு. ஒரு தப்பும் இல்ல. ஆனா விருந்தாளி மாதிரி வாசிக்கிறாரு’ என்றார் அண்ணன்.

உடனே 1970-ல் வந்த ‘வார் பிக்ஸ்’ போட்டோம், பில் வார்டு வாசிச்சது. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, ‘இவன் வீட்டு ஆளு. கிட்டார் ஒண்ணு சொல்லுது, இவன் பதில் சொல்றான். அவன் நிறுத்தற இடத்துல இவன் புகுந்து விளையாடறான்’ என்றார்.

இதையே பேஸ் நண்பர் அவர் பாஷையில் விளக்கினார். வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜீன் க்ரூபா அவருக்குப் பிடித்த டிரம்மர். அதனால் தாளத்தை நேர்கோடாகப் பிடிக்க மாட்டார், ஆட்டி ஆட்டிப் பிடிப்பார். வில்க்கின் பலம் நேரான, அழுத்தமான அடி. ரிஃப் மெதுவாகப் போகும்போது ரெண்டு அடிகளுக்கு நடுவில் நிறைய இடம் இருக்கும். அந்த இடத்தில் என்ன செய்கிறான் என்பதில்தான் ஆள் தெரியும். வேகமான பாட்டில் மாத்து ஆள் ஒளிஞ்சுக்கலாம், டூம்ல முடியாது.

‘ஆனா ப்ரோ, வில்க் மேல கோபப்படாதீங்க’ என்றும் சேர்த்துச் சொன்னார். ‘கூப்பிட்டாங்க, போனாரு, கேட்டதை வாசிச்சாரு. நானும் அப்படிப் போயிருக்கேன். மாத்து ஆளா மேடை ஏறும்போது கூட்டம் நம்மைப் பாக்காது, வராதவனைத் தேடும். அது சுலபமான வேலை இல்ல.’

இதுவரைக்கும் ஓசூர் நண்பன் வாயே திறக்கலை. அவனுக்காக டோனி அயோமி கதையைச் சொன்னேன். பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான். சபாத்தின் கிட்டாரிஸ்ட் அயோமிக்கு 17 வயது, ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வேலை. அன்னைக்குத்தான் கடைசி நாள். மெஷினில் கை சிக்கி, வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி மறுபடி வாசித்தார். மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971-ல் வந்த மூணாவது ஆல்பத்தில் பல பாட்டுகளில் சுருதியையும் இறக்கினார்கள். தந்தி தளர்ந்தா விரலுக்கு வலி குறையும், சத்தத்துக்குக் கனம் கூடும். டூம் மெட்டலின் அந்தக் கனத்துக்குப் பின்னாடி ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கு.

நண்பன் இசையைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. ‘என்ன மெஷின்? அவன் ரெகுலரா ஓட்டற மெஷினா?’ன்னு கேட்டான்.

இல்லை. அயோமியின் வேலை வெல்டிங். பிரஸ் ஓட்டுகிற ஆள் அன்னைக்கு வரவில்லை. அதனால் இவரை அங்கே நிற்க வைத்தார்கள்.

‘அதான்’ என்றான். ‘ஆள் வரலன்னு மாத்தி நிக்க வெப்பாங்க பாரு, அங்கதான் கை போகும்.’

எங்க பக்கத்துப் பசங்க ஐடிஐ முடிச்சதும் ஓசூர் பஸ் ஏறுறவங்க. கான்ட்ராக்ட்ல எடுப்பாங்க, இன்னைக்கு இந்த மெஷின், நாளைக்கு அந்த மெஷின். அவன் அந்த வாக்கியத்தைச் சும்மா சொல்லலை. ஆஸியும் இறைச்சிக் கூடத்தில் வேலை செஞ்சவர், கார் ஹார்னுக்கு சுருதி சேர்க்கிற வேலையும் பார்த்தவர்னு சொன்னேன். ‘அப்போ இவங்க நம்ம செட்டு’ன்னான்.

அவன் சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு இந்தப் பாட்டு வேற மாதிரி கேட்டது. ஒரு நாள் மாத்து ஆளா மெஷின்ல நின்னு விரல் போன மனுஷன் கிட்டார் வாசிக்கிறார். அதுவும் 2012 ஜனவரியில் லிம்போமா புற்றுநோய்னு தெரிஞ்சு, சிகிச்சை எடுத்துக்கிட்டே இந்த ஆல்பத்தை முடிச்சவர். அவர் பின்னாடி இன்னொரு மாத்து ஆள் டிரம்ஸ் வாசிக்கிறார். ஒப்பந்தம் சரியில்லைன்னு சொன்ன மூணாவது ஆள் வீட்டில் இருக்கார். இந்த மூணு பேரில் யாரையும் நான் வில்லன்னு சொல்லலை. ரசிகர்கள் ‘சவுண்டு பழைய மாதிரி இல்லை’ன்னு சொல்லும்போது, அவங்களுக்கே தெரியாம ஒரு வேலைத்தல விஷயத்தைத்தான் பேசுறாங்கன்னு சொல்றேன். யார் கை உள்ளே இருக்கு, யார் கை வெளியே நிக்குது, ஏன்? இது ரசனைக் கேள்வி மட்டும் இல்லை.

அந்தப் பாட்டு தோத்துப் போச்சான்னா இல்லை. 2014-ல் சிறந்த மெட்டல் பாட்டுக்கான கிராமி விருது வாங்கியது. எனக்கும் பிடிக்கும், குறிப்பா கடைசிப் பகுதியில் வேகம் மாறுகிற இடம். ஆனா விருது அந்தக் கேள்வியை மூடிடலை.

மூடினது 2025 ஜூலை 5. ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில், அந்த நாலு பேரும் 20 வருஷத்துக்குப் பிறகு ஒண்ணா மேடையில். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் ஆஸி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் பில் வார்டு. நாலு பாட்டு வாசிச்சாங்க: ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பரனாய்டு’. நாலுமே 1970-ல் வந்தவை. புதுப் பாட்டு ஒண்ணுகூட இல்லை. 17 நாள் கழிச்சு, ஜூலை 22-ல் ஆஸி இறந்துட்டார்.

அந்த நாலு பேரும் சேர்ந்து செய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 1978-ன் ‘நெவர் சே டை’தான்னு இனி உறுதியாச்சு. 2013-ல் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரு ஒப்பந்தத்தில் அது நின்னுபோச்சு. எந்தப் பக்கம் நியாயம்னு நாம தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா இழப்பு என்னன்னு கேட்டா சொல்லலாம்: ‘காட் இஸ் டெட்?’ பாட்டில், மெதுவான ரெண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கிற அந்த இடம்.

நம்ம பக்கம் திரும்புவோம். நமக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டில் பாடினவர் பேரு தெரியும், இசையமைப்பாளர் பேரு தெரியும். தவில் வாசிச்சவர் யாரு? பேஸ் யாரு? எங்க தருமபுரி மாவட்டத்தில் பழைய நடுகற்கள் நிறைய இருக்கு. ஆநிரையை மீட்கப் போய் செத்தவனின் பேரு, அவன் யாருடைய சேவகன், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டுன்னு பல கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லில் செஞ்சதை நாம ஆப்பில் செய்யக்கூடாதா?

அதனால ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். அடுத்த தடவை ஒரு குழுவோட புதுப் பாட்டு வந்து ‘இது பழைய மாதிரி இல்லையே’ன்னு தோணுச்சுன்னா, கமென்ட் போடறதுக்கு முன்னாடி கிரெடிட்ஸ் பாருங்க. யார் வாசிச்சாங்க, யார் போனாங்க, யார் மாத்து ஆளா வந்தாங்கன்னு தேடுங்க. அப்புறம் மறுபடி ஒரு தடவை, ஹெட்போன்ல, முழுசா கேளுங்க. ஊர்த் திருவிழாவுக்குப் போனா பம்பை வாசிக்கிறவர்கிட்ட பேரு கேளுங்க.

நீங்க கண்டுபிடிச்ச ஒரு பேரை, எந்தப் பாட்டு, என்ன வாத்தியம்னு சேர்த்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தப் பேர்களை வாசிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். வரட்டுமா.