ஆடியும் பூரமும் கூடும் நாள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கான்சாபுரம் போன்ற ஊர்களில் ஆடி பிறந்ததும் எழும் வினா ஒன்றுண்டு: “இவ்வாண்டு ஆண்டாள் தேர் என்றைக்கு?” ஆடிப்பெருக்கு ஆண்டுதோறும் ஆடி 18ஆம் நாளிலேயே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டமோ 2023இல் ஜூலை 22, 2024இல் ஆகஸ்டு 7, 2025இல் ஜூலை 28 என மாறி மாறி நிகழ்ந்தது. நாள் குறிப்பதில் ஒழுங்கில்லையோ என ஐயுறுவாரும் உளர். அவ்வையம் தீர வானை நோக்குதல் வேண்டும்.

தமிழ் மாதம் கதிரவனைப் பற்றியது. கதிரவன் கடக ராசியில் புக ஆடி பிறக்கிறது. சிம்மத்தில் புக ஆவணி பிறக்கிறது. பூரமோ திங்களைப் பற்றியது. திங்கள் 27 நட்சத்திரங்களையும் சுற்றி மீண்டும் பூரத்தை அடைய ஏறத்தாழ 27 நாள் 8 மணி நேரம் ஆகும். ஆடிக்கு 31 அல்லது 32 நாள். ஆதலின் பூரம் வாராத ஆடி என்பதே இல்லை. சில ஆண்டுகளில் இருமுறை வருதலும் உண்டு.

திங்களின் 13 சுற்றுக்கு 355 நாள். எனவே அடுத்த ஆண்டுப் பூரம் 10 நாள் முந்திவிடும். 2024இல் அவ்வாறு முந்திய பூரம் ஜூலை இரண்டாம் வாரத்தில், ஆனியிலேயே வந்துவிட்டது. ஆகவே 14ஆம் சுற்றில், 382 நாள் கழித்துத் தேர் ஓடியது. மறு ஆண்டு மீண்டும் 10 நாள் முந்தியது. ஒழுங்கின்மை போல் தோன்றுவது இரு சுடர்களின் ஒழுங்கே ஆகும்.

சதுரகிரியில் அடியார் திரளும் ஆடி அமாவாசைக்குக் கணக்கு வேறு. கதிரவனும் திங்களும் கூடும் அந்நாள் 29½ நாளுக்கொருமுறை வருவது. கடகத்தில் கதிரவனுடன் கூடிய திங்கள், அடுத்த சிம்மத்திலுள்ள பூரத்தை நான்கைந்து நாளுக்குள் எட்டிவிடும். அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் மலையிறங்கும் அடியார் தேர்வடம் பிடிக்கவும் வந்து சேர்கின்றனர்.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்தையும் கூறுவது பஞ்சாங்கம். பழைய வாக்கியங்களைக்கொண்டு கணிப்பது வாக்கியம். வானில் கண்ட நிலையோடு ஒத்துக் கணிப்பது திருக்கணிதம். இரண்டிலும் நாழிகை வேறுபடலாம். ஆகவே திருக்கோயில் அறிவிக்கும் நாளையே கொள்ளுதல் நன்று.

முன்னோர் வானைப் பார்த்து நாளறிந்தனர். இன்று தாளைப் பார்த்தே அறிகின்றோம். தாள் கூறுவதும் வானின் செய்தியே என்பதை மறத்தலாகாது. ஆடி அமாவாசை கழிந்த மாலைகளில், முகில் இல்லையேல், மேற்கு மலைமேல் மெல்லிய பிறை தோன்றும். சிறுவர்க்கு அதனைக் காட்டுக! தேர்நாள் அணுகுவதை அப்பிறையே அறிவிக்கும்.