குடும்பச் செய்தி

(படைப்பிற்குக் கூடிய பங்காளிகளும் பெண்மக்களும் நிறைந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படைப்பும் முடிந்து, பந்தியும் முடிந்து, சற்றே சாய்ந்திருக்க மனம் விழையும் இவ்வேளையில் ஒரு தமிழாசிரியனைப் பேச விடுதல் உங்கள் பொறுமையைச் சோதிப்பதாகும். ஆயினும் தலைவர் அவர்கள் பணித்தமையின் துணிந்து நிற்கின்றேன். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் 'குடும்பச் செய்தி' என்பது. இதுவும் ஒரு பொருளோ எனச் சிலர் நகைக்கக் கூடும். நாட்டுச் செய்தியையும் வாணிகச் செய்தியையும் அறியச் செய்தித்தாள்கள் உண்டு. இன்னார் வீட்டுப் பசு கன்று ஈன்றது, இன்னார் மகனுக்குப் பால்பல் விழுந்தது என்பன எந்தத் தாளிலும் வாரா. அவற்றை நாமே சொல்லி நாமே கேட்டல் வேண்டும். அங்ஙனம் சொல்லுவாரும் கேட்பாரும் இல்லாத நாளில் குடும்பம் என்பது பெயரளவில் நிற்கும். இதுவே யான் இன்று கூறப் புகும் கருத்து.

நம் குலத்தில் ஒருவனுக்கு மணம் முடிந்ததும் அக்குடும்பம் தனிப் புள்ளியாகக் கோயிற் கணக்கில் ஏறுகின்றது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றன் கணக்கில் நம்மவர் ஒவ்வொருவரும் அடங்குவர். புள்ளி தனியானதும் அடுப்பும் தனியாகும். மணமக்களுக்குப் பெரிய வீட்டினுள்ளேயே ஓர் அறையும் ஓர் அடுப்பும் தந்து, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்து, தம் வரவுசெலவைத் தாமே பார்த்துக்கொள்ளச் செய்தலை 'வேறு வைத்தல்' என்கின்றோம். இவ்வழக்கத்தைப் பிறர் வியந்து வினவுவதுண்டு. சிலப்பதிகாரம் கற்றார்க்கு இதில் வியப்பில்லை. கோவலனையும் கண்ணகியையும் கோவலனுடைய தாய் தனி மனையில் இல்லறம் நடத்த வைத்த செய்தியை 'மனையறம் படுத்த காதை'யில் காண்கின்றோம். காவிரிப்பூம்பட்டினத்தினின்றும் வந்தோம் என்று வழிவழியாகக் கூறிக்கொள்ளும் நமக்கு அக்காதை அயலார் கதையன்று.

ஆனால், அடுப்பு வேறாயினும் செய்தி வேறாகவில்லை என்பதை ஈண்டு நீங்கள் கருதவேண்டும். இவ்வளவைச் சுற்றி ஒரு காலத்தில் பதினோர் அடுப்புகள் எரிந்தன என்று என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கின்றேன். காலையில் எந்த அடுப்பிலிருந்து புகை எழவில்லை என்பது வளவின் நடுவே நின்றால் தெரிந்துவிடும். உடனே ஒருவர் சென்று, "என்ன ஆச்சி, உடம்புக்கு என்ன?" என்று எட்டிப் பார்ப்பார். கடிதமும் வேண்டா, கருவியும் வேண்டா. புகையே செய்தியாக இருந்தது.

நிற்க. வீட்டில் இருந்தார்க்குப் புகை போதும். கடல்கடந்து சென்றார்க்கு எது? நம் முன்னோர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று வட்டித்தொழில் செய்தனர். 1938 அளவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விளைநிலம், கடனுக்கு ஈடாக வந்து, நம்மவர் கையில் இருந்தது. இதனைப் பெருமையாக மட்டும் சொல்வதற்கில்லை. நிலம் இழந்த உழவர் மனம் நொந்ததும் வரலாறே. ஏஜெண்டாகச் செல்வோர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில், மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்றனர். அவர்களுக்கு வீட்டுச் செய்தி கொண்டு சென்றது கடிதம் ஒன்றே.

சென்ற ஆண்டு பெட்டக அறையைத் துப்புரவு செய்தபோது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. அதனுள் என் ஐயாவின் தந்தையார் பெகுவிலிருந்து 1934 முதல் 1941 வரை வீட்டிற்கு எழுதிய கடிதங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. கணக்கும் வட்டியும் நிறைந்திருக்கும் என எண்ணிப் பிரித்தேன். கணக்கு நாலு வரியில் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய பக்கமெல்லாம் வினாக்கள். கிணற்றில் எத்தனை படி வரை நீர் நிற்கின்றது? முகப்பில் ஒழுகிய ஓட்டை மாற்றினீர்களா? பிள்ளையார் நோன்பிற்கு இழை எடுத்துக் கொடுத்தவர் யார்? சிவப்புப் பசு சினையா? 'நலம்' என்று மட்டும் எழுதினால் தமக்கு உறக்கம் வருவதில்லை என்று ஓரிடத்தில் வருந்தியும் எழுதியிருக்கின்றார். மதுரைக்குச் செல்லும் வழியில் கௌசிகன் வந்து பெற்றோர் படுந்துயரைக் கூறி மாதவியின் ஓலையை நீட்டிய பொழுது, அவ்வோலையையே தன் பெற்றோர்க்குக் காட்டும்படி திருப்பி அனுப்பிய கோவலனின் நிலை எனக்கு அன்று விளங்கியதுபோல், வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் சொல்லியபோது விளங்கியதில்லை.

அவற்றுள் இறுதிக் கடிதம் 1941 நவம்பரில் எழுதப்பட்டது. தம் மகள், நான்கு வயதுக் குழந்தை, சுரமாய்க் கிடக்கின்றாள் என்ற செய்தி அறிந்து, அவள் பெயரை மும்முறை எழுதி, உடனே மறுமொழி வேண்டும் என்று கேட்டிருக்கின்றார். அடுத்த மாதம் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் அந்நகரம் அவர்கள் கையில் வீழ்ந்தது. அஞ்சல் நின்றது. அவர் மணிப்பூர் வழியாகக் காடும் மலையும் கடந்து, நடந்து ஊர் சேர்ந்தபொழுது குழந்தை இறந்து பல திங்கள் ஆகியிருந்தன. மடியில் அவளுக்கென வாங்கிய வளையல்களை முடிந்து வந்தார் என்றும், முகப்பில் நின்று அவள் பெயர் சொல்லி அழைத்தார் என்றும், வீட்டினுள் எவரும் மறுமொழி சொல்லவில்லை என்றும் அப்பத்தா என்னிடம் ஒருமுறை சொன்னார். குழந்தையின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. அவரும் அறியார், அவர் பின்னால் வாழவந்தவர். அப்பெயரை யான் அறிந்தது இக்கடிதத்தால்தான்.

இனி, விடுமுறை நாள்களைப் பற்றிச் சிறிது கூறுவேன். என் இளமையில் சித்திரைக் கோடையில் இவ்வீட்டில் இருபத்துமூன்று பிள்ளைகள் கூடுவோம். சென்னையிலிருந்து வரும் இராமேசுவர வண்டியில் வந்து, காரைக்குடியில் இறங்கி, மாட்டுவண்டியிலும் பேருந்திலுமாக வீடு சேர்வோம். பகலில் கிணற்றடி, பல்லாங்குழி, மாங்காய், உப்பு. பிற்பகலில் கந்தரப்பமும் வெள்ளைப்பணியாரமும். இரவில் பட்டாலையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். படுக்குமுன் அப்பத்தா ஒவ்வொருவனையும் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, "உன் ஊர்ச் செய்தி சொல்லு" என்பார். சொல்லாதவர்க்கு மறுநாள் முதற்பணியாரம் இல்லை. ஒருநாள் சொல்லுவதற்கு ஒன்றுமின்றி, எங்கள் பள்ளிக்குள் யானை புகுந்துவிட்டது என்று புனைந்துரைத்தேன். அனைவரும் வாய்பிளந்து கேட்டனர். மறு ஆண்டு வந்தபோது, வண்டியினின்று இறங்குமுன்னரே அப்பத்தா, "அந்த யானை இப்போது எப்படி இருக்கிறது?" என்று வினவினார். பொய் என்று அறிந்தே கேட்டார் என்பது பின்னாளில்தான் புரிந்தது. ஓராண்டு முழுதும் ஒரு சிறுவன் சொன்ன செய்தியை மனத்தில் வைத்திருந்தாரே, அதுவன்றோ சுற்றந் தழுவுதல்! வள்ளுவர் பொருட்பாலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்த காரணம் இஃதே போலும்.

இனி, என் பிழை ஒன்றை இவ்வவையில் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கின்றேன். இவ்வீட்டில் இன்று எரிவது ஓர் அடுப்பே. அதனை எரிப்பவர் என் சிறிய தந்தையாரின் மனைவி. இதோ அத்தூணருகே அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றேன். ஈராண்டுக்கு முன் ஒரு மாலை இரண்டாங்கட்டில் கால் வழுக்கி வீழ்ந்தார். எழ இயலவில்லை. இரவு முழுதும் அங்கேயே கிடந்தார். காலையில் பால் கொண்டுவந்த பெண்மணி கண்டு ஊரைக் கூட்டினார். அந்தக் காலையில் நம் குடும்பத்தார் அறுபது பேருக்கு மேல் உள்ள கைப்பேசிக் குழுவில் வணக்கம் கூறும் படங்கள் வந்துகொண்டிருந்தன. யானும் ஒரு தாமரைப் பூவை அனுப்பினேன். உலகின் எட்டுத் திக்கினின்றும் பூக்கள் வந்தன; சின்னாத்தா விழுந்து கிடக்கின்றார் என்னும் செய்தி மட்டும் நம்மில் ஒருவருக்கும் எட்டவில்லை. அவருடன் யான் பேசி அன்றைக்கு ஏழு திங்கள் ஆகியிருந்தன. மருத்துவமனையில் அவர் என்னைக் கண்டு கேட்டது, "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததா?" என்பதே. யான் தலை கவிழ்ந்து நின்றேன்.

கருவியின்மீது குற்றம் சுமத்துவார் உளர். யான் அங்ஙனம் கூறேன். பெகுவில் இருந்தார்க்கு இக்கருவி கிடைத்திருந்தால் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். வணக்கம் என்பது செய்தியன்று. அதனைச் செய்தியாகக் கொண்டு நிறைவடைந்தது நம் பிழை.

மற்றொன்று. சென்ற ஆண்டு என் மகள் பள்ளியில் குடிவழி எழுதப் பணித்தார்களென்று வந்து கேட்டாள். நம் குடும்ப ஏட்டை எடுத்து, ஏழு தலைமுறைப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "அப்பச்சி, இவர்கள் எல்லாரும் ஆண்கள்தாமே? இவர்களைப் பெற்றவர்கள் பெயர் எங்கே? நான் இந்த ஏட்டில் வருவேனா?" புள்ளிக் கணக்குக் கோயில் வரிக்காக ஏற்பட்டது, அதற்கு அம்முறை தகும். குடும்ப ஏட்டிற்கும் அதுவே போதும் என்று நாம் கொண்டது எங்ஙனம்? பிள்ளை கூட்டிக்கொண்ட இடங்களில் பெற்ற வீட்டின் பெயர் இல்லை. பிறந்த பெண்மக்கள் பெயர் இல்லை. சுரத்தில் இறந்த குழந்தையின் பெயர் இல்லை. படைப்பில் புடவை வைத்து வணங்குகின்றோம். அப்புடவை எவர்க்கு என்று கேட்டால் 'முன்னோர்க்கு' என்கின்றோம். பெயரறியாது வணங்குதலினும் பெயரறிந்து வணங்குதல் சிறப்பன்றோ?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கின்றேன். முதலாவது, புதிய குடும்ப ஏடு ஒன்று எழுதவேண்டும். அதில் ஆண்மக்களோடு பெண்மக்களும், வாழவந்தோர் பெயரும் அவர் பிறந்த ஊரும் கோயிலும், பிள்ளை வந்தோர்க்கு இரு வீடும், இளமையில் மாண்டோரும் இடம்பெற வேண்டும். முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதுக. இரண்டாவது, நாளொன்றுக்கு ஒரு வீட்டார் என முறைவைத்து, காலை எட்டு மணிக்குள் இவ்வீட்டிற்குப் பேசுதல் வேண்டும். பேசுங்கால், "நலமா?" என்பதோடு நில்லாது, சமைத்தது யாது, கிணற்று நீர் எவ்வளவு என்று வினவுக, தம் வீட்டுச் சிறு செய்தி ஒன்றும் சொல்லுக. மூன்றாவது, கோடையில் பத்து நாளேனும் பிள்ளைகளை இங்கே அனுப்புக. மின்விசிறி போதவில்லை, கொசு மிகுதி என்று தாய்மார் அஞ்ச வேண்டா. பட்டாலை குளிர்ந்தது, பாய்கள் என் பொறுப்பு.

இவ்வீட்டின் தேக்குத் தூண்களை விற்பதா, வீட்டைப் பழுதுபார்ப்பதா என்பதுபற்றி மாலையில் பங்காளிகள் கூட்டம் உண்டு. இவ்வட்டாரத்து ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அது மகிழ்ச்சிக்குரியதே; ஆயினும் பட்டியல் வந்து நம் வீட்டில் விளக்கேற்றாது. விற்கவேண்டும் என்பாரும் வீட்டைப் பகைப்பவர் அல்லர். தொலைவில் இருந்து செலவு தாங்க இயலாதவர். ஆதலின் யான் அவ்வழக்கிற் புகேன். ஒன்றே வேண்டுவேன். ஆறாண்டுகளாக ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் இரு வீட்டாரும் இன்று ஒரே பந்தியில் உண்டனர். மாலையில் தூணைப்பற்றிப் பேசுமுன், அவ்விரு வீட்டிலும் இந்த ஆறாண்டில் பிறந்த குழந்தைகள் யாவர், நோயுற்றோர் யாவர், படித்துத் தேறினோர் யாவர் என்று ஒருவரையொருவர் கேட்டறிக. பின்னர்த் தூணின் விலை பேசலாம்.

புதிய ஏட்டின் முதற்பக்கத்தை இன்று காலை யானே தொடங்கி எழுதியிருக்கின்றேன். 1941இல் சுரத்திற் கிடந்த அக்குழந்தையின் பெயரே அதில் முதலாவது. அடுத்த பெயர்களை எழுத ஏடு முகப்பில் திறந்து கிடக்கின்றது. பேனாவும் அருகே உள்ளது. புறப்படுமுன் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெண்மக்கள் பெயரை எழுதிச் செல்லுமாறு வேண்டுகின்றேன்.

நம் குலமுதல்வராம் முன்னோரின் நல்லாசியும் இறைவன் திருவருளும் நம் குடியை வாழ்விப்பனவாக.