யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் நுழைந்த நாவல்



ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைக் கற்பிக்கும்போது தமிழாசிரியர்களாகிய நாங்கள் ஒரு பட்டியலை ஒப்புவிப்பது வழக்கம். சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885, இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891, சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895. அதன்பின், ‘முதற் பெண் நாவலாசிரியை மங்களநாயகம் தம்பையா, நொறுங்குண்ட இருதயம், 1914’ என்று ஒரு வரி. அந்த வரியோடு பாடம் முடிந்ததற்கான மணி அடித்துவிடும். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் படிப்பித்தேன். நாவலை வாசிக்காமலே படிப்பித்தேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிறிஸ்தவப் போதனைக் கதைதானே, சைவச் சூழலில் வளர்ந்த நமக்கு அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்.

1884 இல் பிறந்து 1955 இல் மறைந்த மங்களநாயகம், தெல்லிப்பழையின் குமாரகுலசிங்கம் குடும்பத்தவர். ‘உதயதாரகை’ 1841 இல் பிறந்த யாழ்ப்பாண மண்ணின் ஊர் அது. அமெரிக்க மிஷனார் 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் அதற்கு அண்மையிலேயே இருந்தது. பெண் பிள்ளைகள் எழுத்தறிவதை அதிசயமாக எண்ணாத ஒரு சூழல் அது. கணவர் ஐசாக் தம்பையா கிறிஸ்தவக் குருவானவர். தாயுமானவர் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1925 இல் நூலாக்கியவரும் அவரே. என் மனத்தில் நான் கட்டிவைத்திருந்த மதில் அந்த வீட்டில் இருக்கவில்லை போலும்.

இனி நாவலுக்கு வருவோம். முன்னே சொன்ன மூன்று நாவல்களும் எங்கே நடக்கின்றன என்று சற்று எண்ணிப்பாருங்கள். அசன்பே எகிப்தில் பிறந்தவன். ஊசோன் பாலந்தை ஐரோப்பாவிலிருந்து வந்த கதை. மோகனாங்கியோ தஞ்சை, திருச்சி நாயக்கர் காலத்துக்குப் போய்விடுகிறாள். எழுதியவர்கள் நம் நாட்டவர். கதை மட்டும் கடல் கடந்து நிற்கிறது. மங்களநாயகம் எங்கும் போகவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் நுழைந்து, அங்கே நடக்கும் விவாகத்தையும் அதன்பின் ஒரு பெண் படும் பாட்டையும் எழுதினார். கண்மணி என்னும் அப்பெண் கணவனின் கொடுமையைப் பொறுமையோடு சகிக்கிறாள். வெளியே சொல்லத் தகாதது என்று நம் குடும்பங்கள் மூடிவைத்த ஒன்று முதன்முதலாக அச்சில் ஏறியது. ஈழத்து நாவல் ஈழத்து மண்ணில் கால் ஊன்றியது இங்கேதான் என்பது என் துணிபு. அதைச் செய்தவர் பெண் என்பது தற்செயலன்று. அந்த வீட்டின் உட்பக்கம் ஆண்களுக்குத் தெரியாது.

நூலின் தலைப்பு சங்கீதத்திலிருந்து வந்த சொற்றொடர். ஐம்பத்தோராம் சங்கீதத்தில் நொறுங்குண்ட இருதயம் பாவம் செய்து மனம் வருந்துகிறவனுடையது. இந்த நாவலை விரித்தாலோ, முதலில் நம் கண்ணிற் படுவது பிழை ஏதும் செய்யாத மனைவியின் இருதயம். போதனைக் கதை என்று தள்ளிவைத்த எனக்கு இந்த இடம் ஒரு சாட்டையடி.

அவுஸ்திரேலியாவின் முன்னோடியான கதரின் ஹெலன் ஸ்பென்ஸ், ‘கிளாரா மொரிசன்’ நாவலை 1854 இல் தம் பெயரில்லாமலே வெளியிட்டார். அதே நாட்டின் மைல்ஸ் பிராங்கிளின் 1901 இல் தம் முதல் நாவலுக்கு ஆண்பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார். தமிழகத்தில் வை. மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கியது 1925 இல். தெல்லிப்பழைப் பெண்மணி அதற்குப் பதினோராண்டு முன்னரே சொந்தப் பெயரில் நாவல் வெளியிட்டுவிட்டார். 1926 இல் ‘அரியமலர்’ என்ற நாவலும் தந்தார்.

குறையே இல்லையா? உண்டு. நீண்ட அறிவுரைகள் கதையை இடைமறிக்கின்றன. நல்லவர் மிக நல்லவர், தீயவர் மிகத் தீயவர். நடையிலும் வேதாகம வாடை வீசுகிறது. ஆனால் அந்தக் காலத்து நாவல் எதில் அறிவுரை இல்லை?

2014 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எங்கள் பளைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. இந்த நாவலுக்கு நூறு வயது நிறைந்ததும் அதே ஆண்டில்தான். அதையொட்டியாவது வாசிப்போம் என்று ஒரு நிழற்பிரதியைத் தேடி எடுத்து, உயர்தர வகுப்பில் கதையைச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்:

“சேர், கண்மணி ஏன் வெளிக்கிட்டுப் போகேல்லை?”

நான் கண்ணகியின் பொறுமையைப் பற்றி ஏதோ சொன்னேன். கண்ணகி கடைசியில் மதுரையை எரித்தாளே என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி வாசித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. பொறுமையைப் புகழ்வதாகத் தோன்றும் இந்நூல், பொறுத்தவளைக் காப்பாற்றவில்லை. அந்தப் பொறுமைக்கு என்ன விலை என்பதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. ஆசிரியை எண்ணித்தான் அப்படிச் செய்தாரோ, கதை அவரையும் மீறிப் போய்விட்டதோ, எனக்குத் துணிந்து சொல்ல முடியவில்லை.

சென்ற ஆண்டு பளைப் புகையிரத நிலையத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். கையில் குழந்தை. சுகம் விசாரித்து முடிந்ததும், “சேர், அந்தப் புத்தகம் இப்பவும் உங்களிட்டை இருக்கோ?” என்றாள். பிரதி எடுத்து அடுத்த கிழமையே கொடுத்தனுப்பினேன்.