கடைசிச் சக்கரம் வரை



நான் பிறந்தது ரங்கூன் தாமுவேயில். அப்பா ரயில்வேயில் பிட்டர். தாமுவே ஸ்டேஷனில் வண்டி நின்றால், நீளக் காம்புச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். நேரமாகிவிட்டது என்று யார் கத்தினாலும், கடைசிச் சக்கரத்தையும் தட்டாமல் வண்டியை விடமாட்டார். 1965இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தபின் நானும் அதே தொழிலுக்குப் போனேன்.

சென்ற மாதம் பொருட்காட்சியில் ரோலர் கோஸ்டரைப் பார்த்த பேத்தி, "அது ஏன் தாத்தா கீழே விழுவதில்லை?" என்று கேட்டாள்.

ரயிலுக்குச் சக்கரம் தண்டவாளத்தின் மேலே மட்டும்தான். ரோலர் கோஸ்டருக்கு மூன்று வகை. மேலே இருப்பது எடையைத் தாங்கும். பக்கத்தில் இருப்பது வழி நடத்தும். அடியில் இருப்பது பெட்டி எகிறாமல் பிடிக்கும். இந்தப் பிடி இருக்கும்வரை தலைகீழாகப் போனாலும் பெட்டி கழலாது.

பிடி எப்படி விட்டுப்போகிறது? கனடாவின் எட்மன்டன் நகரில் 1986 ஜூன் 14 அன்று, கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதியில் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரங்கள் கழன்றன. மூவர் இறந்தனர்.

ஜப்பானின் சுயிட்டா நகரில் 2007 மே 5 அன்று சக்கர அச்சே முறிந்தது. 19 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும். இதுதான் உலோகச் சோர்வு. ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை விரிசல் கொஞ்சம் வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அந்த அச்சு 1992 முதல் மாற்றப்படவே இல்லை. அந்த ஆண்டுச் சோதனையையும் தள்ளிவைத்திருந்தார்கள்.

நம் நாட்டிலும், 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினத்தின் தண்டு முறிந்து இருவர் இறந்தனர்.

இன்று சுத்தியலுக்குப் பதில், உள்விரிசலைக் காட்டும் ஒலியலைக் கருவி வந்துவிட்டது. கருவி இருந்தால் போதுமா? உரிய நாளில் சோதிக்க வேண்டுமே!

பொருட்காட்சியில் நான் இரண்டு கேள்வி கேட்டேன். இன்று காலை வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தீர்களா? அச்சைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? டிக்கெட் கொடுத்தவருக்குப் பதில் தெரியவில்லை. பேத்தியின் முகம் வாடியது. ஆனாலும் திரும்பி நடந்தோம்.

நேயர்களே, நீங்களும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.