கரணையும் சட்டியும் ஒரே சங்கத்தில்

(மரக்காணத்தில் கட்டிடத் தொழிலாளரும் உப்பளத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் சாரம்)

தோழர்களே! பாத்தியிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே!

கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர் இவர்கள் இருக்கும் சங்கத்தில் சித்தாளையும் சேர்க்கலாமா? அதிலும் மழைக்காலத்தில் மூன்று மாதம் மட்டும் வந்து கலவை சுமந்துவிட்டுத் திரும்பவும் உப்பளத்துக்குப் போய்விடுகிறவர்களைச் சேர்க்கலாமா? சில தோழர்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும். முணுமுணுப்பதைவிட மேடைக்கு எதிரே நின்று கேட்பது மேல்.

கொத்தனாரின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். "நான் பத்து வருஷம் மேஸ்திரியிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவன். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவன். மணியாசுக் கட்டை பிடித்தால் பூச்சு கண்ணாடிபோல வரும். நேற்று வந்தவரும் நானும் எப்படி ஒன்றாவோம்?" என்கிறார். அவருடைய தொழில் பெரிய தொழில்தான். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாளிகையும் எழும்பாது, மந்திரிசபையும் கூட இடம் இருக்காது.

இதை உலகத்துக்குக் காட்டியவர்களே கல் கொத்தர்கள்தான். 1856 ஏப்ரல் 21ந் தேதி, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில், சர்வகலாசாலைக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல் கொத்தர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். ஊர்வலமாகச் சட்டசபைக் கட்டிடத்துக்கு நடந்தார்கள். வழியில் இருந்த கட்டிடக்காரர்களையும் அழைத்துக்கொண்டார்கள். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலை வாங்கினார்கள். சிகாகோவில் 1886ல் தியாகிகள் ரத்தம் சிந்துவதற்கு 30 வருஷம் முன்பு! சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் 1923ல் மே தினக் கொடி ஏற்றுவதற்கு 67 வருஷம் முன்பு!

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. எட்டு மணி நேரம் யாருக்குக் கிடைத்தது? தொழில் தெரிந்த கட்டிடக்காரருக்கு. தையல் வேலைப் பெண்களும் மற்றத் தொழிலாளர்களும் அதே ஊரில் பொழுது சாய்ந்த பிறகும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாகாணத்தில் எட்டு மணி நேரச் சட்டம் 1916ல்தான் வந்தது. அறுபது வருஷம்! கொத்தருடைய வெற்றி கொத்தருடைய வேலிக்குள்ளேயே வெகுகாலம் நின்றுவிட்டது.

நமது நாட்டுக் கதை இன்னும் கசப்பானது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, வாடியா, திரு.வி.க. இவர்கள் கட்டிய சங்கம். நம் ஊர்ப்பக்கம் வந்து முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதே பெயர் கொண்ட மில்லிலும் கர்னாட்டிக் மில்லிலும் வேலை செய்தவர்களுக்காக எழுந்த ஸ்தாபனம். நெய்கிறவர், நூற்கிறவர் என்று தனித்தனிக் கொடி பிடிக்காமல் எழுந்தது. 1921ல் பெரிய வேலை நிறுத்தம். அப்போது என்ன நடந்தது? ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறம், மற்றவர் ஒருபுறம் என்று பிளவு விழுந்தது. பிளவை வளர்க்க நிர்வாகமும் இருந்தது, வெள்ளை சர்க்காரும் இருந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலை நிறுத்தம் முறிந்தது. கொத்தனார் தனி, சித்தாள் தனி என்று பேசுகிறபோது அந்தப் பேச்சுக்கு அடியில் ஜாதி இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு தோழரும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். நான் பெயர் சொல்லப் போவதில்லை.

இப்போது மரக்காணத்துக்கு வருகிறேன். தை பிறந்ததும் பாத்தியை மிதித்துத் திருத்துகிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு வாருகிறோம். புரட்டாசி கழிந்து மழை பிடித்தால் உப்பளம் ஏரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம் அடுப்பு எப்படி எரியும்? தமிழக சர்க்கார் 2021ல் அறிவித்த மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். போராடிக் கேட்டதால் வந்த பணம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு அதைப் பங்கு போட்டுப் பாருங்கள்! ஆகவே ஆணும் பெண்ணும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள், சித்தாள் வேலைக்கு.

காண்டிராக்டர் இவர்களுக்காகவே காத்திருக்கிறான். சித்தாள் கூலிக்கு வந்தவன் கையில் ஒரு மாதத்தில் கரணையைக் கொடுக்கிறான். "பழகிக்கொள்" என்கிறான். வேலை கொத்தனார் வேலை, கூலி சித்தாள் கூலி! பிறகு கொத்தனாரிடம் திரும்பி, "உன் கூலிக்கு எனக்கு இரண்டு பேர் கிடைக்கிறார்கள்" என்கிறான். கொத்தனார் தோழரே, உம்முடைய கூலியைக் குறைத்தது உப்பளத்தானா? சங்கத்துக்கு வெளியே அவனை நிறுத்திவைத்த உம்முடைய கதவா?

பெண்கள் விஷயம் இதற்கு நேர் எதிர். இருபது வருஷம் சட்டி சுமந்த தாய்க்கு எந்தக் காண்டிராக்டரும் கரணை கொடுப்பதில்லை. கலவையின் பதம் அவளுக்குத் தெரியும், கம்பி எங்கே வளைகிறது என்று தெரியும், சாரம் எங்கே ஆடுகிறது என்றும் தெரியும். சித்தாளாக வந்தவள் சித்தாளாகவே இடுப்பு ஒடிந்து வீட்டுக்குப் போகிறாள். சங்கம் தொழில் கற்றுக்கொடுக்கிற இடமாகவும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994ல் கட்டிடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. இரண்டுக்கும் பின்னால் வருஷக்கணக்கில் ஊர்வலமும் மறியலும் உண்டு. அகில இந்தியச் சட்டத்துக்காக 1985ல் ஒரு பிரச்சாரக் குழு எழுந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். அமைத்த மந்திரிசபையில் இருந்தவர். 1996ல் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று வசூலித்துத் தொழிலாளிக்குச் செலவிட வேண்டும் என்றது. வசூல் நடந்தது. செலவு? 2018ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது: தேசம் முழுவதும் திரண்டது 37,400 கோடிக்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி!

2025 நவம்பர் 21ந் தேதி முதல் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலாக்கியிருக்கிறது. முன்பு சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அந்த வரி கிடையாது. இப்போது 50 லட்சம் வரை கிடையாது. இந்தக் கடற்கரையில் கட்டுகிற வீடுகளில் எத்தனை வீடு 50 லட்சத்தைத் தாண்டும்? நிதிக்கு வரும் வாய்க்காலையே அடைக்கிறார்கள்.

அதே தொகுப்பில் பழைய நிபந்தனை ஒன்று அப்படியே இருக்கிறது: 12 மாதத்தில் 90 நாளாவது கட்டிட வேலை செய்திருக்க வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் சேர்த்தால் 92 நாள். அதில் ஞாயிறு உண்டு, அடைமழை உண்டு. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதே, அந்த வாரம் உப்பளமும் மூழ்கியது, கட்டிட வேலையும் நின்றது. உப்பளத் தொழிலாளி 80 நாள், 85 நாளில் நின்றுபோகிறார். சாரத்திலிருந்து விழுந்தால் அவர் யார்? கட்டிடத்தார் உப்பளத்தான் என்பார்கள், உப்பளத்தார் கட்டிடத்தான் என்பார்கள். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ல் பதினொரு மாடி சரிந்து 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்தவர்களே அதில் அதிகம். கொத்தனார், சித்தாள் என்று அந்தக் கட்டிடம் பிரித்துப் பார்த்து விழவில்லை.

ஆகவே இரண்டு கோரிக்கை. பருவ வேலைக்காரருக்கு 90 நாள் கணக்கைத் தளர்த்த வேண்டும், உப்பளத்தில் உழைத்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். இதற்குக் கொத்தனார்கள் முன்னால் நடக்க வேண்டும். அவர்கள் வேலையை நிறுத்தினால்தான் காண்டிராக்டருக்கு உறைக்கும். ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரும் துணைக்கு வருவதாக இங்கேயே சொல்லியிருக்கிறார்கள்.

கோரிக்கை ஜெயிக்கும் வரை அத்தாட்சிக்கு வழி வேண்டுமல்லவா? மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருக்கிறது. கொத்தனாருக்கு ஒன்று, சித்தாளுக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வைக்கவில்லை, ஒரே நோட்டு. தொழில் என்கிற இடத்தில் உப்பளம், கட்டிடம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசியில் பஸ் ஏறும்போது ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு தருவோம். எந்தத் தேதி, எந்த இடம், எந்தக் காண்டிராக்டர், என்ன கூலி என்று அன்றன்றைக்கு எழுதிவர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அதே கட்டிடத்தில் இருக்கும் கொத்தனார் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.