சிறுபாலத்தின் கண்



சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்வோர், மரக்காணத்தை நெருங்குங்கால் உப்பளப் பாத்திகளையும் வெண்ணிறக் குவியல்களையும் காண்பர். வண்டியை நிறுத்தி அவற்றை வியந்து நோக்குவோர் பலர். தாம் நிற்கும் சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருப்பதை நோக்குவோர் மிகச் சிலரே. பொறியாளர் அதனைக் கல்வெர்ட்டு என்பர். நம் மக்களோ பாலத்தின் ஒவ்வொரு திறப்பையும் ‘கண்’ என்று வழங்குவர்: ஒற்றைக்கண் பாலம், மூன்றுகண் பாலம். அந்தக் கண்ணைப் பற்றியும், அதனைக் கணினிக்குக் கற்பிக்க முயன்று நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே கழுவெளி என்னும் பரந்த நீர்ப்பரப்பு. 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது இது. கிழக்கே வங்கக் கடல். மழைக்காலத்தில் ஊர்ப்புறத்து ஏரிகளின் உபரி நீர் கழுவெளியில் சேர்ந்து, கழி வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து கடலிற் கலக்கும். கோடையிலோ கடல்நீர் அதே வழியே உள்ளே ஏறும். காக்கிநாடாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் மரக்காணத்தில்தான். ஆக, இங்கே தண்ணீருக்கு ஒரே திசை இல்லை. காலையில் ஒரு பக்கம் ஓடிய நீர் மாலையில் மறுபக்கம் ஓடும். இத்தகைய நிலத்தின் குறுக்கே சாலை போட்டால் அது கரையாகிவிடும். அக்கரையில் நீருக்கு விட்ட வாசலே சிறுபாலம்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மரக்காணத்துக்கு மேற்கேயுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழை தாழ்ந்த கடற்கரை நிலத்தை அடையும்போது, எத்தனை நாளில் வடியும் என்பதே அனைவரும் கேட்கும் கேள்வி. அதற்கு விடை சொல்லவே கணினியில் நீரோட்டக் கணக்குப் போடுகிறோம்.

அந்தக் கணக்கின் முறை எளிது. நிலத்தைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திற்கும் தரைமட்டம், நீர்மட்டம், வேகம் ஆகியவற்றைக் கொடுத்து, கணந்தோறும் நீர் எங்கே நகர்கிறது என்று கணக்கிடச் சொல்கிறோம். ஒரு கட்டத்தின் பக்கம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறுபாலத்தின் குழாயோ 1 மீட்டர் விட்டமுடையது. என் செய்வது? சாலையைச் சுவராக எழுதிவிட்டால் கண் அடைபட்டுப்போகும். ஒரு கட்டத்தையே திறந்துவிட்டால் 50 மீட்டர் அகலத்திற்குச் சாலை உடைந்ததாகப் பொருள். முன்னதில் வெள்ளம் வடியவே வடியாது. பின்னதில் கடல் முழுவதும் உள்ளே வந்துவிடும். இரண்டும் பொய்.

ஆதலால் அறிஞர் ஒரு சூழ்ச்சி செய்தனர். சாலையைச் சுவராகவே விட்டு, இப்பக்கத்துக் கட்டம் ஒன்றிலிருந்து நீரை எடுத்து அப்பக்கத்துக் கட்டம் ஒன்றில் விடுவது. எவ்வளவு எடுப்பது என்பதை நீர்மட்ட வேறுபாடு சொல்லும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டாரிசெல்லி கண்ட விதி இதற்கு அடிப்படை: வேறுபாடு நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கே ஆகும். குழாயின் வாய் மூழ்கியுள்ளதா, மறுமுனை மூழ்கியுள்ளதா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்காகப் பொடெய்ன் என்பார் 1968-இல் இதனை ஆறு வகையாகப் பிரித்து எழுதினார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பிரான்சின் டெலிமேக் ஆகிய மென்பொருள்கள் அந்த வழியைப் பின்பற்றியே சிறுபாலங்களைக் கையாளுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் 1 மீட்டர் குழாய் முழுதும் மூழ்கியிருக்க, கிழக்குக் கட்டத்தில் நீர் 1 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். விதிப்படி நொடிக்கு ஏறத்தாழ 0.21 கனமீட்டர் மேற்கே செல்லும். கணினி 2 நிமிடத்திற்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது என்றால், அதற்குள் 25 கனமீட்டர் போய்விடும். அண்டைக் கட்டங்களை ஒரு கணம் மறந்துவிட்டால், இப்போது மேற்குக் கட்டம் சரியாக 1 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும்! அடுத்த முறை அத்தனையும் திரும்பி வரும். நீர் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இது கணக்கின் ஊசலேயன்றிக் கடலின் ஊசல் அன்று. மாணவர் சிலர் இதனை ஓதத்தின் இயக்கம் என்று எண்ணிப் படம் வரைந்து கொண்டுவருவர். நானும் ஒரு காலத்தில் கொண்டுபோனவன்தான். கால இடைவெளியைக் குறைப்பதும், வேறுபாடு மிகச் சிறிதாகும்போது விதியைச் சற்றே தளர்த்துவதும் இதற்கு மருந்து.

இந்த ஊசலைத் தீர்த்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடுதான் ஒருமுறை உப்பளங்களுக்கு இடையே ஒரு சிறுபாலத்தைப் பார்க்கச் சென்றேன். பாலத்தின் பின்னே 1 சதுர கிலோமீட்டர் நிலம். அதில் 30 சென்டிமீட்டர் வெள்ளம் நின்றால் 3 இலட்சம் கனமீட்டர். சராசரி மட்ட வேறுபாடு 20 சென்டிமீட்டர் எனில், 1 மீட்டர் குழாய் நொடிக்கு 0.93 கனமீட்டர் விடும். இடைவிடாது ஓடினால் நான்கு நாள் போதும். ஓதம் ஏறியிருக்கும் பொழுதில் பாதி நேரம் ஓடாது என்று கொண்டால் ஒரு வாரம். “ஒரு வாரத்தில் வடிந்துவிடும்” என்று அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தோரிடம் சொன்னேன்.

முதிய அம்மையார் ஒருவர் சிரித்தார். “ஏன் தம்பி, வாயைப் பாத்துட்டு சொல்றியா? தொண்டையைப் பாக்கலியே” என்றார்.

அருகிலிருந்த சவுக்குக் கோலை எடுத்துக் குழாயினுள் விட்டுக் காட்டினார். வாயிலில் துப்புரவாக இருந்த குழாய், இரண்டு முழம் உள்ளே போனதும் பாதிக்குமேல் சேறு. மேற்பார்வையில் தெரியவில்லை, நான் வைத்திருந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடம் குழாய் பதித்த நாளில் போட்டது.

“போன மழைக்கு எத்தனை நாள் தண்ணீர் நின்றது, அம்மா?” என்று கேட்டேன்.

“அரை மாசம். அது வரைக்கும் எங்களுக்குக் கூலி ஏது? பாத்தி காஞ்சாத்தானே மிதிச்சுக் கெட்டிப்படுத்த முடியும்?”

பாதி பரப்பு அடைபட்டால் ஓட்டமும் பாதி; நாள்கள் இருமடங்கு. என் கணக்கின் ஒரு வாரம் அவருடைய அரை மாதமாயிற்று. ஆறு வகை ஓட்டங்களையும் அறிந்த மென்பொருளுக்கு, குழாயின் விட்டம் என்று நான் எழுதிய எண் பொய்யானது என்பது எவ்வாறு தெரியும்? நல்ல நீர் பதினைந்து நாள் நின்றால் வரப்புகள் இளகும், குவியல்களின் அடி கரையும். கீற்று வேய்ந்து மூடினாலும் மேலிருந்து வரும் மழையைத்தான் தடுக்கலாம். கீழே நிற்கும் நீரைத் தடுக்க இயலாது.

அன்று முதல் கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களிடம் நீர்மட்டக் கருவியோடு ஒரு நீண்ட கோலையும் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் நிரப்பும் தாளில் பாலத்தின் பெயர், கண்களின் எண்ணிக்கை, அகலம், உயரம், அடிமட்டம் ஆகியவற்றுக்குப் பின் இன்னொரு கட்டமும் இருக்கிறது: ‘உள்ளே அடைந்த மண், கோலால் அளந்தது, அளந்த தேதி.’ கடைசி மழைக்குப் பின் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று உப்பளத்தில் வேலை செய்வோரைக் கேட்டு எழுதவும் அதன் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.